ரேடியேட்டருக்குள் ராமநாதபுரத்துத் தண்ணீர்

ராமநாதபுரம் பக்கம் கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்களிடமும், தீர்த்தமாட வரும் வெளியூர் நண்பர்களிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். எங்கள் ஊர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் வேண்டாம், அடிபம்புத் தண்ணீர் வேண்டாம், டீக்கடை டிரம்மில் நிற்கும் தண்ணீரும் வேண்டாம். நடுரோட்டில் வேறு வழியே இல்லாதபோது என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன். ஆனால் "வெறும் தண்ணிதானே" என்று வருஷக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தால், ஒருநாள் எஞ்சின் ஹெட்டை இறக்க வேண்டி வரும். எங்கள் குடும்பத்தில் அது நடந்தது. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன், மெக்கானிக்குகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கார் என் தாய்மாமாவுடையது. பரமக்குடியில் இருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் செடான். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. பழுதானதில் கம்பெனியின் பங்கு எதுவும் இல்லை; எந்தச் செடானாக இருந்தாலும் இந்தக் கதி வந்திருக்கும்.

தை அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் கிளம்பினோம். மாமா ஓட்டினார், அத்தை முன்னால், அம்மாவும் நானும் மாமா பையனும் பின்னால். சத்திரக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் சுகமாகப் போனது. ஏசி ஓடியது. டெம்பரேச்சர் முள் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. மண்டபம் தாண்டியதும் வண்டிகள் ஊர ஆரம்பித்தன. அமாவாசை நாளில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பாம்பன் பாலம் 1988இல் திறந்தபோது இத்தனை கார்களை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டே கால் கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளம், போக ஒரு தடம், வர ஒரு தடம். அதிலேயே ஓரங்கட்டி இறங்கி, கீழே தெரியும் ரயில் பாலத்தைப் படம் எடுப்பவர்கள் வேறு.

"என்னங்க, அந்த முள்ளு மேல போகுது பாருங்க" என்றார் அத்தை.

"பாலத்துல எங்கிட்டு நிப்பாட்டுறது? தாண்டிருவோம்."

பாலத்தின் உச்சியைக் கடந்து பாம்பன் பக்கம் இறங்கும்போது, சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த முள் சட்டென்று கீழே வந்தது. மாமா முகம் தெளிந்தது. "பாத்தியா, கடல் காத்துப் பட்டதும் எறங்கிருச்சு."

இந்த இடத்தைக் கார் ஓட்டும் எல்லாரும் நன்றாக மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொதிக்கிற நிலையில் இருந்த முள் ஒரே நொடியில் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். அந்த முள்ளுக்குச் செய்தி சொல்கிற சென்சார், கூலன்ட்டில் முங்கி இருக்கிறபோதுதான் சரியாக அளக்கும். கூலன்ட் வற்றிப் போனால் அது வெறும் காற்றிலும் ஆவியிலும் தொங்கும், பெரும்பாலும் குறைவாகக் காட்டும். எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், டேஷ்போர்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும். சில கார்களில் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்த வண்டிகளில் ஏறும் வழியில் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. காசு மிச்சம் பிடிக்க முள்ளை எடுத்துவிட்டது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

சிறிது தூரம்தான் போயிருப்போம். வண்டிக்கு இழுவை போய்விட்டது, கடகடவென்று சத்தம், பானெட் ஓரமாக வெள்ளை ஆவி. ஓரங்கட்டி நின்றதும் மாமா பானெட்டைத் தூக்கிவிட்டு ஒரு துணியோடு ரேடியேட்டர் மூடியிடம் கையைக் கொண்டுபோனார். பின்னால் வந்த மீன் வேனில் இருந்து டிரைவர் ஒருவர் குதித்து ஓடி வந்தார்.

"அண்ணே, மூடியத் தொறந்துறாதீங்க! மூஞ்சியெல்லாம் வெந்துரும்ணே!"

அவர் யாரென்று தெரியாது, பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாமாவின் கண்கள் அவரால்தான் தப்பின என்று இன்றும் நம்புகிறேன். ரேடியேட்டர் மூடியைத் தூசி விழாமல் இருக்கப் போட்ட மூடி என்று பலரும் நினைக்கிறார்கள். அது குக்கரின் வெயிட் மாதிரி. சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் சுத்தமான தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி கலந்தால் அதற்கும் மேலே தாங்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் அப்படியே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இதற்கு எதிர்த் தொல்லை: அழுத்தம் நிற்காமல் 100 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்து, தண்ணீர் ஓவர்ஃப்ளோ தொட்டி வழியே வழிந்து போய்விடும். மிகச் சின்னப் பொருள், ஆனால் அதைச் சரியாகச் செய்வது லேசான வேலை இல்லை. சென்னை சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தொழிற்சாலையின் இயந்திரங்களை 1990களின் தொடக்கத்தில் வாங்கிக்கொண்டு வந்து, இங்கே செய்து, அமெரிக்காவில் ஓடும் கார்களுக்கு அனுப்பியது. மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனம் அது. எங்கள் பக்கத்துக் கார்களில் ரப்பர் கிழிந்த மூடிகளைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து மனசு கஷ்டப்படும்.

வண்டியைக் கட்டி இழுத்து ராமநாதபுரம் கொண்டு வந்தோம். மெக்கானிக் வயதில் மூத்தவர், அவசரப்படாதவர். ஆறின பிறகு மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். செங்கல் பொடியைக் குழைத்த நிறத்தில் ஒரு சேறு.

"தம்பி, இது இன்னைக்குப் போனது இல்ல. ரெண்டு மூணு வருஷமா போயிக்கிட்டே இருந்துருக்கு. முன்னாடி வச்சிருந்தவரு போர் தண்ணியே ஊத்தி ஓட்டிருக்காரு."

ஒன்றன் மேல் ஒன்றாக நான்கு கோளாறுகளைக் காட்டினார். முதலில் ஃபேன். ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயின் சாக்கெட்டில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்றில் செம்பு அப்படித்தான் பூக்கும். ஃபேன் எப்போது நின்றுபோனதோ தெரியாது, ஆனால் யாரும் கவனிக்க வாய்ப்பில்லை. வண்டி 80இல் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் தேவைப்படாது. ஊர்ந்து போகிற நெரிசலில்தான் அதன் வேலை. பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியே போகிறது, கிட்டத்தட்ட ஒரு பங்கைக் கூலன்ட் சுமந்து ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். அங்கே காற்று ஓடவில்லை என்றால் அந்தச் சூடு எங்கே போகும்? பரமக்குடியில் இருந்து மண்டபம் வரை ஒளிந்திருந்த கோளாறு, பாம்பன் பாலத்தில் வெளியே வந்தது. ராமேஸ்வரம் வருபவர்களில் பலருக்கும் வண்டி அந்த இடத்திலேயே மக்கர் செய்வதற்கு இதுதான் காரணம் என்று மெக்கானிக் சொன்னார்.

அடுத்து தெர்மோஸ்டாட். அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "ஊர்ல பாதி வண்டில இருக்காது தம்பி. சூடாகுதுன்னு போனா மொத வேலையா அதக் கழட்டி எறிஞ்சுருவாங்க." தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு வைத்த ஒரு வால்வு. வண்டிக்கு வண்டி மாறும், ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அதுவரை கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைத்துச் சீக்கிரம் சூடேற்றும். "நம்ம வெயிலுக்கு எதுக்கு சூடேத்தணும்" என்று கேட்பது சரியான கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் எஞ்சின் கணக்குப்படி நம்ம ஊர் 38 டிகிரியும் குளிர்தான். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்கு வராத எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், பிஸ்டனும் சிலிண்டரும் வேகமாகத் தேயும். சில எஞ்சின்களில் இன்னும் மோசம். அதே வால்வுதான் சூடானதும் உள்சுற்றுப் பாதையை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய பொருளால் சூடு ஏறும்.

மூன்றாவது ரேடியேட்டர், அதைத் தனியாகச் சொல்கிறேன். நான்காவது, ஹெட் கேஸ்கட். இந்தக் காலத்துப் பல கார்களைப் போல இதிலும் ஹெட் அலுமினியம், அடியில் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் நடுவில் உள்ள கேஸ்கட் இந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றிக் கொதித்தால் தாங்காது. ஹெட் வளைந்துவிடுகிறது, மெக்கானிக்குகள் "பெண்டு ஆயிருச்சு" என்பார்கள். வளைந்த இடுக்கில் கேஸ்கட் எரிந்து, கூலன்ட் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் டீ நிறத்தில் ஆடை மாதிரிக் கட்டியிருந்தால் ஹெட்டைச் சந்தேகப்பட வேண்டும். மாமா வண்டியில் அது இருந்தது. ஹெட்டை இறக்கி, லேத்துக்குக் கொடுத்து முகத்தைச் சமமாக உரசி, விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் போட்டுப் பார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். சில நூறு ரூபாய் ரிலேயைக் கவனிக்காமல் விட்டதற்குப் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லி, இங்கே மாற்றிவிடுவதாக அரசு ஊழியர்களை மிரட்டும் வழக்கம் பழையது. தண்ணீர் இல்லாமல் இல்லை. பூமிக்கடியில் இருப்பதில் பெரும்பகுதி உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கும் பெண்கள், அது வராத நாளில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் கோரி எடுக்கும் பெண்கள், இவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். குடிக்கிற தண்ணீர் இத்தனை பாடுபட்டு வரும்போது, அதை எடுத்துக் காரில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? அதனால் குடிக்க உதவாத போர் தண்ணீர் காருக்குப் போகிறது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ரேடியேட்டரின் அலுமினியத்துக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது.

அலுமினியம் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். பரவலாக அரிக்காது, ஊசி குத்தியது போல அங்கங்கே குழி போடும். ரேடியேட்டரின் உட்குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு குழி ஆழமானால் ஒழுக்கு. இன்னொரு பக்கம், தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் பிரிந்து காறையாகக் குழாய்களுக்குள் படியும். பிளாக்கில் இருந்து வரும் துரு அதோடு சேர்ந்துகொள்ளும். மெக்கானிக் விரலில் வந்த சேறு அதுதான். மாமா வண்டி ரேடியேட்டரைக் கழற்றி அடியில் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது பாதிக் குழாய்களுக்கு மேல் அடைத்துக் கிடந்தன. அம்பாஸடர் காலத்தில் செம்பு, பித்தளை ரேடியேட்டர்கள். மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி, ஈயத்தால் பற்றவைத்து மறுபடி மாட்டிவிடுவார்கள். இப்போது அலுமினியக் குழாய்களோடு பிளாஸ்டிக் தொட்டியை மடக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். புதுசு மாட்டுவதுதான் நம்பகமான வழி.

ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இனிப்பான கிணற்றுத் தண்ணீர். தனுஷ்கோடி மணலில்கூடக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வரும். மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கிற கொடை. நாக்குக்கு நல்லதாக இருப்பதாலேயே அது ரேடியேட்டருக்கு ஆகிவிடாது. குடிநீரில் இருக்கும் தாதுக்களும் காறை கட்டும்.

"கூலன்ட் எல்லாம் ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு" என்பது எங்கள் பக்கம் நிலைத்துவிட்ட எண்ணம். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும். கொதிநிலையை உயர்த்துவது இன்னொன்று. எங்களுக்கு மிக முக்கியமானது மூன்றாவது: அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் அதில் கலந்திருக்கின்றன. குளிர் தேசத்துக்காரருக்கு உறைபனி எப்படியோ, எங்களுக்கு உப்பு அப்படி. அந்த மருந்துகள் காலம் போகப் போகத் தீர்ந்துவிடும். அதனால்தான் இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்று என்று வண்டிக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். வேறு வேறு ரகக் கூலன்ட்டைக் கலக்கக் கூடாது. நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யவும் முடியாது. கையேட்டில் சொன்ன ரகத்தை வாங்குங்கள். கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர், அல்லது கலந்தே வரும் கூலன்ட்.

உப்பு உள்ளே போவது ஒரு பக்கம், வெளியே இருந்து தின்பது இன்னொரு பக்கம். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்தது. அவர்கள் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து அரிப்பை அளப்பதற்குத் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று மண்டபம். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் போட வேண்டியிருந்ததும் இந்த உப்புக் காற்றுக்காகத்தான். 1914இல் கட்டிய பழைய பாலத்தின் கதையே பாதிக்கு மேல் துருவோடு நடந்த சண்டை. அந்தக் காற்று காரின் முன்புறம் நுழைந்தால் முதலில் படுவது ஏசி கண்டென்சர், அடுத்து ரேடியேட்டர். கத்தி முனை அளவு மெல்லிய அலுமினிய இதழ்கள் வெள்ளைப் பொடியாக உதிரும்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு எல்லாக் காரும் தனுஷ்கோடி போகிறது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு நிறுத்திவிட்டு வேனில் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. வசதி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சாரலும் சேர்ந்து ரேடியேட்டரில் அப்பிக்கொள்ளும். கரை மணலில் இறக்கிச் சிக்கிக்கொண்டு, முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பவர்களையும் பார்க்கிறேன். காற்றோட்டமே இல்லாமல் எஞ்சினை உச்சத்தில் ஓட்டினால் நல்ல ரேடியேட்டரும் தோற்றுவிடும். தனுஷ்கோடி போய் வந்தால் அன்றைக்கோ மறுநாளோ நல்ல தண்ணீரை லேசாக விட்டு முன்பக்கத்தைக் கழுவுங்கள். பிரஷர் கன் வேண்டாம், இதழ்கள் மடங்கிவிடும்.

கடல் மேலேயே பிழைப்பு நடத்துபவர்களைப் பாருங்கள். படகுகளுக்கென்றே செய்யும் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் கடல்நீர் எஞ்சினின் உள்வழிகளுக்குள் போகாதபடி அமைத்திருப்பார்கள். அது தனிப் பாதையில் ஓடி, எஞ்சினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரின் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கடலுக்குத் திரும்பும். அந்தப் பாதையில் துத்தநாகத் துண்டு ஒன்றையும் வைப்பார்கள். அரிப்பு முதலில் அதைத் தின்னட்டும் என்று.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று சொல்வதாகச் சொன்னேன். நெரிசலில் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான், எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். சிவப்பைத் தொட்டால் பாலமாக இருந்தாலும் ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மூடியை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, தடித்த துணி போட்டு, மெதுவாகத் திறக்க வேண்டும். கொதிக்கிற வெற்று எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். கூலன்ட் இல்லையா, கடையில் விற்கும் குடிநீர் பாட்டில்களை ஊற்றிப் பக்கத்து மெக்கானிக்கிடம் போய்ச் சேருங்கள். பிறகு முழுவதும் வடித்துச் சுத்தம் செய்து கூலன்ட் நிரப்பிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு வாசலிலேயே ஒன்றைப் பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்திலேயே முன்னால் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அமாவாசைக்குப் பஸ்ஸில் போங்கள்.

மாமா வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. ஹெட் முகம் உரசி ஏற்றினார்கள், புது ரேடியேட்டர், புது ரிலே, மூடி, தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று மெக்கானிக்தான் பிடிவாதமாக நின்றார்.

இன்னொன்றையும் அவரிடம் கற்றேன். வடித்த பழைய கூலன்ட்டை மூடி போட்ட கேனில் பிடித்துத் தனியாக வைத்தார். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும். தண்ணீருக்கு அலையும் எங்கள் ஊரில் தரையில் தேங்கிய எதையும் ஆடும் நாயும் நக்கிவிடும். வண்டியைக் கூலன்ட் மாற்றக் கொடுத்தால், பழையதை எங்கே கொட்டுகிறார்கள் என்று நின்று பாருங்கள். தரையில் விடப் போனால் தடுத்து, ஒரு பழைய கேனை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.